ஏ.ஆர். காப்பி எங்கே என்று முதலில் கேட்கிற வக்கீல்

கேள்வி இதுதான்: "என் அக்கா வீட்டுக்காரருக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. ஒரகடம் பக்கம் பைக்கில் போகும்போது, இடப்பக்கம் திரும்பிய டிப்பர் லாரி இடித்துத் தள்ளி பின்சக்கரம் காலில் ஏறிவிட்டது. முழங்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து, 'கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள், வருவதில் 30 சதவீதம் எங்களுக்கு' என்கிறார். லாரி ஓனர் 2 லட்சம் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்கிறார். எங்களுக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?"

தம்பி, நான் பல வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் தேர்ட் பார்ட்டி கிளெய்ம் பிரிவில், அதாவது வண்டி மோதி அடிபட்ட வெளி ஆட்கள் கேட்கிற இழப்பீட்டைப் பார்க்கிற பிரிவில், வேலை பார்த்தவன். உங்களுக்கு எதிர்த்தரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் போட்ட மனு வந்தால் ஃபைலை வரிக்கு வரி படிக்க வேண்டும், யார் போட்டது என்றால் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில்) பாதித் தொகைக்கு முடித்துவிடலாம் என்பது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள். அவர் அநேகமாக வக்கீலே இல்லை. வார்டு பாய், ஆம்புலன்ஸ், ஸ்டேஷன் வாசல் என்று எங்கிருந்தோ தகவல் வாங்கிக்கொண்டு வருகிற புரோக்கர். வக்கீல்கள் வழக்குப் பிடிக்க ஆள் அனுப்பக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நீதிமன்றப் புரோக்கர்களைப் பட்டியல் போட்டு வளாகத்துக்கு வெளியே நிறுத்த 2023-ல் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. இருந்தும் வருகிறார்கள். அவர் நீட்டுகிற காகிதங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேலே வக்காலத்து இருக்கும், வக்கீல் பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கும். கீழே எதுவும் எழுதாத வெள்ளைத்தாள் நாலைந்து இருக்கும். சில சமயம் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவமும், தொகை எழுதாத காசோலையும் சேர்ந்திருக்கும். நாலு வருடம் கழித்து இழப்பீடு அந்தக் கணக்கில் விழுந்ததும் அந்தக் காசோலை வேலை செய்யும். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கனவே போட்டிருந்தால் பயப்படவும் வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது ஓனரின் 2 லட்சம். லாரிக்கு இன்சூரன்ஸ் சரியாக இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது கம்பெனி, ஓனர் அல்ல. தேர்ட் பார்ட்டி பாலிசியில் உயிருக்கும் காயத்துக்கும் உச்ச வரம்பே கிடையாது. அப்படியிருக்க ஒரு டிப்பர் ஓனர் கைக்காசு கொடுக்கிறேன் என்றால், வண்டியின் பேப்பரில் ஏதோ ஓட்டை இருக்கலாம். இன்சூரன்ஸ் முடிந்திருக்கலாம், எஃப்.சி. (தகுதிச் சான்று) இல்லாமல் ஓடியிருக்கலாம், டிரைவரிடம் ஹெவி லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். வண்டி ஸ்டேஷனில் நிற்பதால் ஓட்டம் போகிறதே என்ற அவசரமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை' என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து விழக் கூடாது. உங்கள் போனிலேயே பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. எப்போது வரை என்று தெரிந்துவிடும். இன்றைக்கே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரி, வக்கீலுக்கு வருவோம்.

லாரி விபத்து வழக்கில் மேடைப் பேச்சு மாதிரி வாதாடுகிறவரால் பெரிய பிரயோஜனம் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், நம் ஊர்ப் பேச்சு வழக்கில் சொன்னால் எம்.சி.ஓ.பி. நடக்கிற கோர்ட்டில், எல்லாமே காகிதம்தான். அதனால் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தால் அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எடுத்த எடுப்பிலேயே 'இது நாற்பது லட்சம் போகும்' என்கிறவர் ஒரு ரகம். 'ஏ.ஆர். காப்பி எங்கே?' என்கிறவர் இன்னொரு ரகம். நீங்கள் போக வேண்டியது இரண்டாமவரிடம்.

ஏ.ஆர். என்பது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனதும் கேஷுவால்டி டாக்டர் எழுதுகிற நாலு வரி. கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ வழிப்போக்கராக இருப்பார். பதற்றத்தில் 'பைக்கிலிருந்து விழுந்துட்டார் சார்' என்பார். டாக்டர் 'பைக் சறுக்கித் தானாக விழுந்தது' என்று எழுதிவிடுவார். வண்டி எண் இருக்காது. மறுநாளோ மூன்றாம் நாளோ எஃப்.ஐ.ஆரில் லாரி எண் வரும். எங்கள் அலுவலகத்தில் ஃபைல் வந்ததும் முதலில் தேடுவது இந்த முரணைத்தான். கிடைத்துவிட்டால் 'லாரியே மோதவில்லை, பின்னால் சேர்த்த வண்டி' என்று கவுன்டர் (பதில் மனு) போடுவோம். உண்மையாகவே லாரி மோதிய வழக்குகளும் இதில் அடிவாங்கியது உண்டு. விவரம் தெரிந்த வக்கீல் ஏ.ஆரை முதல் வாரத்திலேயே பார்ப்பார். முரண் இருந்தால் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார், ஆம்புலன்ஸ் பதிவில் என்ன இருக்கிறது, அங்கே எந்தத் தொழிற்சாலை வாசலில் கேமரா இருக்கிறது என்று அப்போதே தேடத் தொடங்குவார். கேமராப் பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும். அதனால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்ஸ்பெக்டருக்கும் அந்த நிறுவனத்துக்கும் உடனே ஒரு கடிதம் எழுதுகிற வக்கீல் தன் சம்பளத்தைச் சம்பாதித்துவிட்டார் என்றே சொல்வேன்.

லாரி என்பதால் அவர் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர்? டிப்பர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஃபைனான்ஸ் முடியாததால் பெயர் மாற்றாமல் ஓடும். ஸ்டேஷனுக்கு வந்து பேசுகிற 'ஓனர்' ஒருவர், ஆர்.சி.யில் இருப்பவர் வேறொருவர். பதிவில் யார் இருக்கிறாரோ அவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவில் அவரைச் சேர்க்காமல் விடக் கூடாது. அடுத்து, ஸ்டேஷனில் சரணடைந்தவர்தான் ஓட்டினாரா? லைசென்ஸ் இருக்கிற வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது நடக்கிற காரியம். உங்கள் மாமா டிரைவர் முகத்தைப் பார்த்திருந்தால், அது அவருடைய வாக்குமூலத்திலேயே வர வேண்டும்.

ஜல்லியோ எம்-சாண்டோ ஏற்றிய வண்டி என்றால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்கும். அதில் எங்கே எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எங்கே போகிறது என்று இருக்கும். எடை மேடைச் சீட்டு கிடைத்தால் ஓவர்லோடு தெரியும். டிப்பர் டிரைவர்களுக்குப் பல இடங்களில் டிரிப் கணக்கில்தான் படி. அந்த அவசரத்துக்குச் சாட்சி இந்தச் சீட்டுகள்தான். எல்லா வழக்கிலும் இவ்வளவு தோண்ட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாமா வழக்கில் கம்பெனி 'பைக்காரர் இடப்பக்கமாக நுழைந்து ஓவர்டேக் செய்தார், தவறில் பாதி அவருடையது' என்று கட்டாயம் சொல்லும். அப்படித் தீர்ப்பாகிவிட்டால் தொகையில் பாதி போய்விடும். அதைத் தடுக்க மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் லாரியின் எந்த இடத்தில் உரசல் இருக்கிறது, போலீஸ் வரைபடத்தில் பைக் எங்கே கிடந்தது என்பதெல்லாம் வேண்டும். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்றும் கேட்பார்கள். முழங்கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தம் இல்லை, அதற்காக மனம் தளர வேண்டாம்.

பேப்பரில் ஓட்டை இருந்தால் இழப்பீடே கிடைக்காதோ என்று பயப்படுவீர்கள். பாலிசி நடப்பில் இருந்து, லைசென்ஸிலோ பெர்மிட்டிலோ குறை இருந்தால், பெரும்பாலான வழக்குகளில் கோர்ட் 'முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்' என்று உத்தரவிடுகிறது. பாலிசியே இல்லை என்றால்தான் நிஜமான சிக்கல். அப்போது ஓனரின் சொத்து என்ன, லாரியை விடுவிக்காமல் நிறுத்த முடியுமா என்று உடனே யோசிக்கிற வக்கீல் வேண்டும்.

இப்போது பணம். வக்கீலுக்கு வக்கீல் வித்தியாசம் நன்றாகத் தெரிகிற இடம் இதுதான்.

மாமா மாதம் 20,000 சம்பாதித்தார் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, அதனால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேரும். இது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆக 28,000. வருடத்துக்கு 3,36,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16, இது 2009-ல் சரளா வர்மா வழக்கில் வந்த அட்டவணை. பெருக்கினால் 53,76,000. இது முழுச் சம்பாத்தியமும் போனால் வரும் தொகை. இனி ஊனத்தின் சதவீதம் எவ்வளவோ அவ்வளவு பங்கு.

மருத்துவக் குழு முழங்காலைப் பார்த்து 40 சதவீதம் என்று சான்று தருகிறது என்று வையுங்கள். சோம்பலான வக்கீல் அதை அப்படியே தாக்கல் செய்வார். 21,50,400 வரும். ஆனால் டைல்ஸ் வேலை என்ன வேலை? காலை முதல் சாயங்காலம் வரை குந்தி உட்கார்ந்து, முட்டிபோட்டு, கல்லை மட்டம் பார்த்து, எழுந்து அடுத்த கல். முழங்கால் மடங்காதவர் அந்த வேலையை 60 சதவீதம் செய்ய முடியுமா? கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவருக்கு அதே கால் 10 சதவீத நஷ்டம்கூட ஆகாது. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் வந்த இழப்பு வேறு என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்த வக்கீல் டாக்டரைக் கூண்டில் ஏற்றி, 'இவரால் குந்தி உட்கார முடியுமா, சிமென்ட் மூட்டையோடு மாடி ஏற முடியுமா?' என்று கேட்டுப் பதிவு செய்ய வைப்பார். கோர்ட் 75 சதவீதம் என்று ஏற்றால் தொகை 40,32,000. ஒரே கால், ஒரே சான்று, கிட்டத்தட்ட 19 லட்சம் வித்தியாசம். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் இதற்கு மேல் தனி.

அந்த 20,000-ஐ யார் நிரூபிப்பது? சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கோர்ட் தானாக ஒரு குறைந்த தொகையை வைத்துவிடும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் எடுங்கள். மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய அட்வான்ஸ், வங்கிக் கணக்கு, சதுர அடிக்கு எவ்வளவு என்று குறித்த நோட்டு, எல்லாம் வேண்டும். மேஸ்திரியே வந்து சாட்சி சொன்னால் இன்னும் நல்லது. நல்ல வக்கீல் இதையெல்லாம் உங்களிடம் நச்சரித்துக் கேட்பார். நச்சரிப்பை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? ஸ்டேஷனில் கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரியிலும் வேண்டாம். ஊரில் உங்களுக்குத் தெரிந்த வக்கீல், பத்திரம் எழுதுகிறவரோ நிலத் தகராறு பார்ப்பவரோ, யாராக இருந்தாலும் அவரிடம், 'எம்.சி.ஓ.பி.யில் மனுதாரர் தரப்புக்கு நன்றாகக் குறுக்கு விசாரணை செய்கிறவர் யார்?' என்று கேளுங்கள். வக்கீல்களுக்கு வக்கீல்களைப் பற்றித் தெரியும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எம்.சி.ஓ.பி. நடக்கிற கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். யார் தேதி வாங்கிக்கொண்டே போகிறார், யார் சாட்சியோடு வந்து நிற்கிறார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். இன்னொரு வழி, இ-கோர்ட்ஸ் இணையதளம். மாவட்ட நீதிமன்ற உத்தரவுகள் அதில் இருக்கின்றன. எம்.சி.ஓ.பி. தீர்ப்புகளைத் திறந்து, கால் முறிவு வழக்குகளில் எவ்வளவு கிடைத்திருக்கிறது, மனுதாரருக்கு யார் ஆஜரானார் என்று பாருங்கள். இது யாரும் சொல்லாத விளம்பரம், பொய்யும் சொல்லாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பேனலில் (கம்பெனிக்காக ஆஜராகிற வக்கீல்கள் பட்டியலில்) இருக்கிற வக்கீலா என்றும் நேராகவே கேட்டுவிடுங்கள். அதில் தப்பில்லை. எதிர்த்தரப்பில் வரும் கம்பெனிக்கே அவர் ஆஜராகிறார் என்றால் மட்டும் வேண்டாம்.

எந்த ஊர் வக்கீல் என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. விபத்து நடந்த எல்லையிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கிற இடத்திலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலும் போடலாம். காலை ஊன்ற முடியாதவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கோ சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கோ பஸ் ஏற்றுவதைவிட, விழுப்புரத்திலேயே போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. போலீஸ் சாட்சியைக் கொஞ்சம் தூரம் வரவழைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நாள் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி மனுவைத் தள்ளிப்போடுகிறவர் நல்ல வக்கீல் இல்லை. போலீசும் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை என்று தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கை வந்ததா, அதன் நகல் எங்கே என்று உங்கள் வக்கீல் ஸ்டேஷனைத் துரத்த வேண்டும்.

ஃபீஸ். வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசவே கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. யூடியூபில் 'ஜெயித்தால்தான் ஃபீஸ்' என்று வருவதெல்லாம் அமெரிக்க வழக்கம். ஆனால் நம் ஊரில் தினமும் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கையில் காசில்லாத குடும்பம் வேறு எப்படி வக்கீல் வைக்கும் என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை. என் யோசனை இது: மனு போட இவ்வளவு, சாட்சி விசாரணை முடிந்ததும் இவ்வளவு, தீர்ப்புக்குப் பிறகு இவ்வளவு என்று ரூபாயில் பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டர் சாட்சிச் செலவு, நகல் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். இழப்பீடு மாமாவின் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பல வருடமாக அவர் பயன்படுத்துகிற, பாஸ்புக் அவர் வீட்டிலேயே இருக்கிற கணக்கின் எண்ணைக் கொடுங்கள். நேரடியாகக் கணக்கில் செலுத்தும் முறையை உச்ச நீதிமன்றமே 2025-ல் வலியுறுத்தியிருக்கிறது. இதைச் சொன்னதும் முகம் மாறுகிற வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பணமே இல்லை என்றால் விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்கும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அங்கே வருகிற வக்கீல்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள்.

நடுவில் ஒருநாள் லோக் அதாலத்துக்கு அழைப்பு வரும். போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் பணம் வரும், வருடக்கணக்கில் அலைச்சல் மிச்சம். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. எங்கள் பக்கத்தில் நாங்கள் ஒரு உச்சத் தொகையை முடிவு செய்துவிட்டு, பேச்சை அதற்கு வெகு கீழே இருந்துதான் தொடங்குவோம். ஊனச் சான்று வருவதற்கு முன்னால் லோக் அதாலத்தில் முடிக்கச் சொல்கிற வக்கீல் தன் அவசரத்துக்குச் சொல்கிறார். சான்றும் டாக்டர் சாட்சியமும் பதிவான பிறகு அதே மேஜையில் உட்கார்ந்தால் கம்பெனி பேசுகிற தொகையே வேறு.

கடைசியாக, ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு. வக்காலத்தை மாற்றலாம், அது உங்கள் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குவதுதான் சுமுகமான வழி. தர மறுத்தால் கோர்ட்டில் மனு போட்டு மாற்றலாம். 'ஃபீஸ் பாக்கி, ஃபைல் தர மாட்டேன்' என்று பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பெயரில் யாராவது மனு போட்டுவிட்டார்களா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் மாமாவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என்று சுற்றுவட்டார நீதிமன்றங்களையும் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத ஊரில் உங்கள் மனு நம்பராகி நிற்பது இந்தத் தொழிலில் நடக்காததல்ல. காலிக் காசோலை கொடுத்திருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய் அதை நிறுத்திவிடுங்கள்.